காளைக்கும் உண்டு நேர்முகத் தேர்வு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ராக்ஹாம்டன் என்றொரு ஊர். மகர ரேகை அந்த ஊரை ஒட்டிப் போகிறது. "நாட்டின் மாட்டுத் தலைநகரம்" என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஊர். சாலைச் சந்திப்புகளில் எல்லாம் பெரிய பெரிய காளைச் சிலைகள் நிற்கும். அந்தச் சிலைகளுக்கு ஒரு வினோதமான பிரச்சினை உண்டு. இரவோடு இரவாக யாரோ வந்து சிலையின் விதைப்பையை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நகராட்சி மறுபடி செய்து மாட்டும். மறுபடி காணாமல் போகும்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் அந்த ஊர்ப் பண்ணைகளில் இரண்டு வாரம் சுற்றிய பிறகு ஒன்று புரிந்தது. அங்கே ஒரு காளையின் கம்பீரம், கொம்பு, திமில் எல்லாம் இரண்டாம் பட்சம். திருடு போகிற அந்த உறுப்புதான் அதன் வேலைக்கான தகுதிச் சான்றிதழ். அதை நாடா போட்டு அளக்காமல் எவரும் காசோலையில் கையெழுத்துப் போடுவதில்லை.

"ஒலிவாங்கியைப் பிடிக்கிற பொண்ணுக்கு மாட்டுப் பண்ணையில என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் கல்லூரித் தோழி அங்கே குடியேறி எட்டு ஆண்டு ஆகிறது. அவள் கணவர் ஈப்போக்காரர், கால்நடை மருத்துவர். நாய், பூனைக்கு ஊசி போடுகிற மருத்துவர் அல்ல. முழுக்க முழுக்க மாடுகள்தாம். போன ஆண்டு விடுப்பில் போயிருந்தபோது, "கடைத்தொகுதி எல்லாம் கோலாலம்பூர்லயே பார்த்துக்கலாம். என்கூட வாங்க தங்கச்சி, வேற உலகத்தக் காட்டறேன்" என்று அழைத்துப் போனார்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் நம் நாட்டுச் சந்தைக்கு வரும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி இறக்குமதிதான். அதில் ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. சாப்பிடுகிறோமோ இல்லையோ, அதற்குப் பின்னால் எப்படிப்பட்ட உழைப்பும் கணக்கும் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை என்று தோன்றியது. போனேன்.

ஒரு காளை, எண்பது கன்று

அந்தப் பண்ணையில் இறைச்சிக்காக மாடு வளர்ப்பதில்லை. மற்ற பண்ணைகளுக்குப் பொலிகாளை வளர்த்து விற்பதுதான் தொழில். பெரியவர், அவர் மனைவி, பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஊர் திரும்பிய மகள் என்று மூன்று பேர் நடத்துகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் மாத ஏலம்தான் அவர்களுக்கு அறுவடை. அந்த முறை 22 காளைகள் ஏலத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தன.

"ஒரு காளைக்கு ஏன் இவ்வளவு விலை?" என்று மகளிடம் கேட்டேன். அவள் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினாள்.

ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும். ஒரு காளையைச் சுமார் 25 பசுக்களோடு விடலாம். ஆண்டுக்கு 20 கன்று என்று குறைத்து வைத்தாலும் நான்கு ஆண்டில் 80 கன்று. ஒவ்வொரு கன்றின் உடம்பிலும் பாதி அந்தக் காளையுடையது. அதன் பெண் கன்றுகளைப் பண்ணையிலேயே வைத்துக்கொண்டால், அவை ஈனுகிற கன்றுகளிலும் அந்தக் காளை இருக்கும். ஆக, தவறான பசுவை வாங்கினால் ஒரு கன்றோடு நட்டம் நிற்கும். தவறான காளையை வாங்கினால் பத்து ஆண்டுக்கு அந்தத் தவறு மந்தைக்குள் நடமாடிக்கொண்டே இருக்கும்.

அதைவிட மோசமானது, காளைக்கு இனவிருத்தித் திறனே இல்லாமல் போவது. பசுவின் கர்ப்ப காலம் ஒன்பது மாதத்துக்கும் மேல். மேய்ச்சல் நிலமோ ஆயிரக்கணக்கான ஏக்கர். காளை அதுபாட்டுக்குப் பசுக்களோடு சுற்றிக்கொண்டிருக்கும், பார்ப்பவர்களும் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்றே நினைப்பார்கள். சினைப் பரிசோதனை செய்யும் நாளிலோ, கன்று ஈனும் பருவத்திலோதான் உண்மை தெரியும். அதற்குள் ஓர் ஆண்டு போயிருக்கும். வயிறு காலியாக இருந்தாலும் பசு தின்பதை நிறுத்தாதே!

யாரோடு யாரை ஒப்பிடுவது?

தேர்வு என்பது காளைக்கு இரண்டு வயதில் தொடங்குவதில்லை, பிறந்த அன்றே தொடங்கிவிடுகிறது. கன்று விழுந்ததும் எடை போடுகிறார்கள். காதில் எண் பொறித்த பட்டை. தாய் எது, தந்தை எது, தாய்க்கு இது எத்தனையாவது ஈற்று, எல்லாம் பதிவாகிறது. பிறகு 200 நாள், 400 நாள், 600 நாள் வாக்கில் எடை. பால் மறக்கடிக்கும் பருவம் ஆறு ஏழு மாதத்தில் வரும். தாயைப் பிரிந்த கன்றுகளைச் சில நாள் பட்டியிலேயே வைத்து, வைக்கோல் போட்டு, மனிதர்கள் நடுவில் நடந்து பழக்குகிறார்கள். இந்தச் சில நாள் பழக்கம்தான் பிற்காலத்தில் 800 கிலோ எடையுள்ள காளையை ஒரு பெண் தனியாக ஓட்டிப் போக வைக்கிறது. தேறாத ஆண் கன்றுகளுக்குக் காயடித்து இறைச்சி மந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பொலிகாளை என்ற பெயர் எல்லாருக்கும் கிடைத்துவிடாது.

எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் இனிமேல்தான் வருகிறது.

ஒரு கன்று 250 கிலோ, இன்னொன்று 220 கிலோ. எது நல்ல கன்று? நாமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 250 என்போம். அவர்கள் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் கேள்வி கேட்கிறார்கள். இரண்டும் ஒரே பருவத்தில் பிறந்தவையா? ஒரே மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்தவையா? ஒரே தீவனமா? 220 கிலோ கன்றின் தாய் முதல் ஈற்றுக் கிடேரியா? அப்படியானால் அதற்குப் பால் குறைவாகத்தான் இருந்திருக்கும். 250 கிலோ கன்று ஆற்றோரப் பச்சைப்புல்லில் வளர்ந்ததா? அப்படியானால் அந்த எடையில் புல்லுக்கும் பங்கு உண்டு.

ஒரே காலத்தில் பிறந்து, ஒரே இடத்தில், ஒரே மாதிரி வளர்ந்த கன்றுகளை ஒரு குழுவாக வைத்து, அந்தக் குழுவுக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது அவர்களுடைய அடிப்படை விதி. ஆர்மிடேல் நகரில் உள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் ஆய்வுப் பிரிவு உருவாக்கிய "பிரீட்பிளான்" என்ற கணக்கீட்டு முறை 1985 முதல் புழக்கத்தில் இருக்கிறது. காளையின் எடை மட்டுமின்றி, தாய், தந்தை, அண்ணன் தம்பி, மகள்கள் என்று உறவு முழுவதன் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து, "வளர்ப்பின் பங்கு இவ்வளவு, பிறப்பின் பங்கு இவ்வளவு" என்று பிரித்துச் சொல்கிறது. இப்போது வால் முடியைப் பிடுங்கி அனுப்பினால் மரபணுத் தகவலையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கடைசியில் கிடைப்பதுதான் இனவிருத்தி மதிப்பெண்.

மதிப்பெண்ணை வாசிப்பது எளிது. 600 நாள் எடையில் ஒரு காளைக்குக் கூட்டல் 40, இன்னொன்றுக்குக் கூட்டல் 20 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20 கிலோ. கன்றுக்குத் தந்தையிடமிருந்து பாதிதான் வரும் என்பதால், முதல் காளையின் கன்றுகள் சராசரியாக 10 கிலோ கூடுதலாக இருக்கும். 10 கிலோதானே என்று தோன்றும். அந்த மகள் சொன்ன 80 கன்றால் பெருக்கிப் பாருங்கள். 800 கிலோ! ஒரு முழுக் காளையின் எடையே வந்துவிடுகிறது.

ஆனால் எடை மட்டும் கூடிக்கொண்டே போனால் வம்பு. பிறப்பு எடையும் சேர்ந்து கூடினால் கன்று ஈன முடியாமல் கிடேரி செத்துப்போகும். அதனால் பிறப்பு எடை, தாய்ப்பால், தசை, கொழுப்பு, காளையோடு விட்டபின் மகள்கள் எத்தனை நாளில் கன்று ஈனுகின்றன என்று தனித்தனியாக மதிப்பெண் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்கும். "இந்த மதிப்பெண்ணை எத்தனை விழுக்காடு நம்பலாம்" என்ற எண் அது. கன்று போடாத இளங்காளைக்கு அந்த நம்பகம் குறைவு. கன்றுகள் பிறந்து வளர வளரக் கூடும். மதிப்பெண் கொடுக்கிறவரே "என்னை இவ்வளவுதான் நம்பலாம்" என்று பக்கத்தில் எழுதிக் கொடுப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அங்கே நின்றபோது நம் வீட்டுப் பேச்சுகள் நினைவுக்கு வந்தன. எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று, "பக்கத்து வீட்டுப் பையன் ஒன்பது ஏ, நம்ம பையன் ஆறு ஏ" என்கிறோம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான்கு பாடத்துக்குத் தனி வகுப்பு. நம் பையன் மாலையில் அம்மாவின் கடையில் தட்டு கழுவியவன். அலுவலகத்திலும் ஆண்டு முடிவில் இப்படித்தான் மதிப்பெண் போடுகிறார்கள். ஒருவருக்கு ஆறு பேர் கொண்ட குழு. இன்னொருவர் தனியாளாக அல்லாடியவர். இருவருக்கும் ஒரே தாளில் ஒரே கேள்வி. கன்றுக்குட்டிக்குக் காட்டுகிற நியாயத்தை மனிதருக்குக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நடந்து காட்டு, நின்று காட்டு

எண்கள் முடிந்தால் உடம்பு. மருத்துவர் அண்ணன் காளையை நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனார். முன்னங்கால் பதிந்த இடத்தில் பின்னங்கால் பதிகிறதா? குளம்பு இரண்டும் சமமாகத் தேய்ந்திருக்கின்றனவா? பின்னங்கால் மூட்டு மிக நேராக இருந்தால் சில ஆண்டில் வலி வந்து பசு மேல் ஏற முடியாமல் போகும். மிக வளைந்திருந்தாலும் ஆபத்து. அடிவயிற்றுத் தோல் அதிகம் தொங்கினால் முள்ளிலும் புதரிலும் கிழிந்து புண்ணாகும்.

குணத்துக்கும் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். காளையை இரும்புக் கூண்டில் நிறுத்தி, கதவைத் திறந்துவிடுவார்கள். வெளியே ஏறக்குறைய இரண்டு மீட்டர் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மின்னணுக் கருவி அளக்கும். பாய்ந்து ஓடினால் மிரளும் குணம். ஆற அமர நடந்து வந்தால் சாதுவான குணம். அந்தக் குணமும் ஓரளவு கன்றுகளுக்குப் போகும் என்பதால் அதற்கும் மதிப்பெண்.

வால் முடிச் சோதனையில் இன்னொன்றும் தெரியும். பிராமன் இன மாடுகளில் பாம்பே என்றொரு பரம்பரை நோய் உண்டு. நோயைச் சுமக்கும் மாடு பார்க்க முழு ஆரோக்கியமாக இருக்கும். சுமக்கும் காளையும் சுமக்கும் பசுவும் சேர்ந்தால், நான்கில் ஒரு கன்றுக்கு நோய் வரும் வாய்ப்பு; அந்தக் கன்று பிழைக்காது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தலசீமியா பரிசோதனை செய்கிறார்களே, அதே கணக்குதான்.

அட்டைப் படத்தில் வந்த காளை

அந்த 22 காளைகளில் ஒன்று எல்லார் கண்ணையும் இழுத்தது. சாம்பல் நிறம், கழுத்துப் பக்கம் கறுத்த நிழல், அலைந்தாடும் தாடி. என் கையிலிருந்து வைக்கோல் வாங்கித் தின்றது. ஏலக் கையேட்டில் அந்தப் பண்ணையின் பக்கத்தில் அதன் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். எடை மதிப்பெண் மேலே, பிறப்பு எடை நடுத்தரம், குணம் தங்கம். 20,000 டாலருக்குக் குறையாமல் போகும் என்று பெரியவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பணத்தில் புதிய தண்ணீர்த் தொட்டிகள் போடத் திட்டம்.

ஏலத்துக்கு இரண்டு வாரம் முன்னால் மருத்துவச் சோதனை. விதைப்பையின் சுற்றளவு முதலில். இரண்டு வயதை நெருங்கும் காளைக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு 36 இருந்தது. சுற்றளவு கூடிய காளையின் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்பதால் இது காளையோடு மட்டும் முடிகிற விஷயமில்லை. அடுத்து, கருவியின் துணையோடு விந்து மாதிரி எடுத்து, அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்தார். உயிரணுக்கள் சுறுசுறுப்பாக நீந்தின. எனக்கும் காட்டினார். பெரியவர் முகத்தில் சிரிப்பு.

"இதோட முடியல" என்றார் அண்ணன். மாதிரியில் கொஞ்சம் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எத்தனைக்குத் தலையும் வாலும் ஒழுங்காக இருக்கின்றன என்று எண்ணுவார். நூற்றுக்கு 70 தேறினால் நல்ல காளை.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. 48.

அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது நான் அவர் வண்டியில்தான் இருந்தேன். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு பெரியவரின் குரல், "காரணம் என்னவாக இருக்கும்?" என்றது. இரண்டு மாதத்துக்கு முன் காலில் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டிருந்தது. காளையின் உடம்பில் ஓர் உயிரணு உருவாகி முடிக்க ஏறக்குறைய 60 நாள் ஆகும். அதனால் இன்றைய மாதிரி சொல்வது இரண்டு மாதத்துக்கு முந்தைய உடல்நிலையை. காய்ச்சல்தான் காரணம் என்றால் தானாகச் சரியாகிவிடும். இன்னொரு காரணமும் இருக்கலாம். விற்பனைக்கு அழகாகக் காட்ட தானியம் போட்டுக் கொழுக்க வைத்தால், விதைப்பையின் கழுத்தில் கொழுப்பு சேரும். விதைகள் உடல் சூட்டைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். கொழுப்பு அந்தச் சூட்டை வெளியேற விடாது. மூன்றாவது, பிறவிக் குறை. எது என்று அறிய இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏலமோ பத்து நாளில்!

இங்கேதான் மனிதருக்கு நேர்முகத் தேர்வு தொடங்கியது.

கையேடு அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. மூன்று பேர் அந்தக் காளையைப் பார்க்கவே வந்து போயிருந்தார்கள். அளவு சரி, நீந்தும் வேகம் சரி என்பதோடு நிறுத்திக்கொண்டு, ஆய்வக முடிவு பற்றி வாய் திறக்காமல் விற்றிருக்க முடியும். கேட்பவர்கள் கேட்பார்கள்; கேட்காதவர்களும் உண்டு. பிறகு புகார் வந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் வாங்கியவரின் பிறக்காத கன்றுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

அன்று மாலை அந்த வீட்டுச் சமையலறை மேசையில் வாக்குவாதம் நடந்ததாகத் தோழி பிறகு சொன்னாள். பெரியவர், முடிவை ஏலத்தில் வெளிப்படையாகச் சொல்லியே விற்கலாம், விலை குறைந்தாலும் பரவாயில்லை என்றிருக்கிறார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம காதுப் பட்டையோட அது இன்னொருத்தர் நிலத்துல நிக்கும். வர்றவங்க நாம சொன்னதை நினைக்க மாட்டாங்க, பட்டையைத்தான் பார்ப்பாங்க" என்றாளாம். மறுநாள் காலை கையேட்டில் அந்த எண்ணுக்கு நேரே "விலக்கிக்கொள்ளப்பட்டது" என்று அறிவித்துவிட்டார்கள். பார்த்துவிட்டுப் போன மூன்று பேருக்கும் பெரியவரே தொலைபேசியில் அழைத்துக் காரணத்தைச் சொன்னார்.

துண்டுக்கு அடியில் இல்லை, எல்லார் முன்னாலும்

ஏலம் கிரேஸ்மியர் மாட்டுச் சந்தையில். குரலை வைத்துப் பிழைக்கிறவள் நான். ஏலம் விடுபவரின் குரலைக் கேட்டு வாயடைத்துப் போனேன். மூச்சு விடுகிற இடமே தெரியவில்லை. எண்கள் அருவி மாதிரி கொட்டுகின்றன, ஒன்றுகூடத் தடுக்கவில்லை. வாங்குகிறவர்களோ அசைவதே இல்லை. ஒருவர் கையேட்டை லேசாகத் தூக்குகிறார், ஒருவர் தொப்பியைத் தொடுகிறார். விலை ஆயிரம் டாலர் ஏறிவிடுகிறது.

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் தரகரும் வியாபாரியும் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனைக்குப் படிந்தது என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. மாட்டைப் பார்க்கும் முறையும் வேறு. உடம்பில் சுழி எங்கே இருக்கிறது, வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. அதைக் கேலி பேசுவதற்கில்லை. எழுதிவைக்க ஏடு இல்லாத காலத்தில் கண்ணும் நினைவும்தான் பதிவேடு. "தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம்" என்றார்களே, அதைத்தான் பிரீட்பிளான் கணினியில் போட்டுப் பார்க்கிறது.

அந்தச் சந்தையில் நின்ற காளைகளும் அந்நியமானவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1920கள் வரை இந்தியாவிலிருந்து 300க்கும் குறைவான மாடுகள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. குஜராத்தின் காங்கிரேஜ், கிர், ஆந்திரத்தின் ஒங்கோல், கிருஷ்ணா பள்ளத்தாக்கு இனங்கள் கலந்து அங்கே பிராமன் இனம் உருவானது. ஒங்கோலுக்கு வெளிநாடுகளில் நெல்லூர் என்றே பெயர். சென்னைக்கு வடக்கே இருக்கும் அதே நெல்லூர்தான். குவீன்ஸ்லாந்தில் வெயிலும் உண்ணியும் ஐரோப்பிய மாடுகளை வாட்டியெடுத்தபோது, 1933இல் பிராமன் மாடுகளை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள். தளர்ந்த தோலும் திமிலும் வெயில் தாங்கும் உடம்பும் அங்கே நிலைத்துவிட்டன.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. கெடா கிளாந்தான் மாடு உருவத்தில் சிறிது, கன்று ஈனுவதில் கெட்டி. அதைப் பிராமனோடு சேர்த்து மார்டி ஆய்வு நிறுவனம் பிராக்மாஸ் என்ற இனத்தை உருவாக்கியது. பால்மரக் காட்டில் நம் தாத்தா பாட்டிகள் வளர்த்த மாடுகளின் வழித்தோன்றல்களுக்கும் "உள்நாட்டு இந்தியக் கறவை மாடு" என்று தனிப் பெயரே இருக்கிறது. இன்று செம்பனைத் தோட்டத்து நிழலில் மாடு மேய்ப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி மாடு வைத்திருக்கும் வாசகர்களுக்காக, மருத்துவர் அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்தவை இவை. பொலிகாளை வாங்கப் போனால் நான்கு கேள்வி கேளுங்கள். இது யாரோடு சேர்ந்து வளர்ந்தது, அவற்றில் இதன் இடம் என்ன? தாய் ஆண்டுதோறும் தவறாமல் ஈன்றதா? விந்துச் சோதனை எப்போது செய்தீர்கள், உயிரணுக்களின் வடிவத்தையும் பார்த்தீர்களா? கடைசி மூன்று மாதம் என்ன தீவனம் போட்டீர்கள்? தானியம் தின்று மினுமினுக்கும் காளை புல்லுக்கு மாறியதும் இளைத்துத் தடுமாறும். வாங்கி வந்ததும் உடனே பசுக்களோடு விடாமல், சில வாரம் தனியே வைத்துப் புது இடத்துக்குப் பழக்குங்கள்.

விலக்கிக்கொண்ட அந்தக் காளை என்ன ஆனது என்று கேட்பீர்கள். மீதி 21 காளைகளும் விற்றுப்போயின. எதிர்பார்த்த மொத்தத் தொகை வரவில்லை. தண்ணீர்த் தொட்டி இன்னோர் ஆண்டு தள்ளிப்போனது. டிசம்பரில் தோழி குரல்பதிவு அனுப்பியிருந்தாள். இரண்டாம் சோதனையில் 51. காய்ச்சல் காரணமில்லை, குறை உள்ளேயே இருந்திருக்கிறது. பொலிகாளையாக அதற்கு இனி வேலை இல்லை. இறைச்சிக்கூட லாரியில் ஏற்றினார்கள். நினைத்த விலையில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்குமா தெரியவில்லை. அதை ஓட்டிப் போய் ஏற்றியவள் அந்த மகள்தான். கயிறே தேவைப்படவில்லையாம், கூப்பிட்டதும் பின்னாலேயே நடந்து போனதாம்.

பெரியவர் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன மூன்று பேரில் இருவர், அந்தக் காளை இல்லாவிட்டாலும் ஏலத்துக்கு வந்திருந்தார்கள். இருவருமே அந்தப் பண்ணையின் வேறு காளைகளை வாங்கிப் போனார்கள். அதில் ஒருவர் விந்துச் சோதனைத் தாளைக் கேட்கவே இல்லையாம்.